எந்தச் சரி?

பொம்மைக்கு வலிப்பு வரவழைப்பதில் ஜன்னத் டீச்சரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஒரு பொத்தானை அமுக்குவார். இந்தப் பக்கம் மாணவர்கள் கதிகலங்கிப் போவார்கள்.

அந்தப் பொம்மைக்கு மாணவர்கள் வைத்த பேர் பண்ணையார். நாள் பூரா படுத்தே கிடக்கிறார், சுற்றி நாலு பேர் பணிவிடை செய்கிறார்கள், வேறென்ன பேர் வைப்பது? வாசலில் 'சிமுலேஷன் லேப்' என்று பலகை இருக்கிறது. அதை ஒருவரும் படிப்பதில்லை. எல்லோருக்கும் அது பொம்மை ரூம். டாக்டருக்குப் படிப்பவர், நர்சுக்குப் படிப்பவர், பிசியோதெரபி படிப்பவர் எல்லோரும் ஒன்றாக நுழைகிற ஒரே வகுப்பு அந்தக் கல்லூரியில் அதுதான். மற்றபடி கேன்டீனில்கூட மேசை தனித்தனி.

டீச்சர் பதினாலு வருஷம் அவசரப் பிரிவில் நர்சாக இருந்துவிட்டு, பிறகு பாடம் சொல்லித்தர வந்தவர். அவருக்கு ஒரு சீடர். சீடர் என்றால் மாணவர் அல்ல. டாக்டர் குற்றாலநாதன், உதவிப் பேராசிரியர். பொம்மை வகுப்பு நடத்த ஒரு டாக்டரும் பழகிக்கொள்ளட்டும் என்று டீன் அனுப்பி வைத்திருந்தார். ஒரு நர்சிடம் போய்ப் பாடம் கேட்பதா என்று முதல் வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தார். இரண்டாவது வாரம் நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். வியாழக்கிழமைதோறும் ஒரு கேள்வி கேட்பார், டீச்சர் சொல்வதை எழுதிக்கொள்வார்.

ஏழாவது வியாழக்கிழமை அவர் கேட்ட கேள்வி பாடத்தில் இல்லாதது. நோட்டும் கையில் இல்லை.

"டீச்சர், சரின்னு வாயால சொல்லிட்டு, செய்யாம நிக்கிறவங்களை என்னன்னு சொல்றது?"

டீச்சர் பண்ணையாரின் விரலில் நாடி பார்க்கும் கிளிப்பை மாட்டிக்கொண்டிருந்தார். "யாரைச் சொல்றீங்க?"

"நாலாம் வார்டு எப்சிபா சிஸ்டரை."

"என்ன ஆச்சு?"

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நாலு நாளாக நெஞ்சில் கிடந்தது மளமளவென்று வெளியே வந்தது.

திங்கட்கிழமை காலை. நாலாம் வார்டில் காலில் புண்ணோடு படுத்திருந்த ஒரு கொத்தனாருக்கு ஊசி மருந்து ஒத்துக்கொள்ளவில்லை. போட்ட இரண்டாவது நிமிஷம் முகம் வீங்கி, தொண்டை அடைத்து, மூச்சுக்குத் தவிக்க ஆரம்பித்துவிட்டார். பக்கத்துக் கட்டில் நோயாளியைப் பார்த்துக்கொண்டிருந்த குற்றாலநாதன் ஓடி வந்தார். இதற்கு முதல் மருந்து அட்ரினலின். தொடையில் உடனே போட்டாக வேண்டும்.

"போடுங்கன்னு சொன்னேன் டீச்சர். வாய்விட்டு, சத்தமா சொன்னேன். 'சரி டாக்டர்'னாங்க. என் காதால கேட்டேன். நான் குனிஞ்சு கையில நரம்பு தேடிட்டிருந்தேன். மருந்து போட்டும் எடுபடலையேன்னு எனக்கு வேர்த்து ஊத்துது. அப்புறம் நிமிர்ந்து, போட்டாச்சான்னு கேட்டா, போடவே இல்ல! ஆறு நிமிஷம். ஆறு நிமிஷம் டீச்சர்! நானே எடுத்துப் போட்டேன். அந்த ஆள் ரெண்டு நாள் மூச்சு மெஷின்ல கிடந்து பொழச்சது அவரோட நல்ல நேரம்."

"வார்டுல வேற யாரு இருந்தா?"

"இன்னொரு சிஸ்டர் ஆக்சிஜன் சிலிண்டர் எடுக்க ஓடிட்டாங்க. பக்கத்துல இருந்தது எப்சிபா மட்டும்தான்."

"இப்ப என்ன நடக்குது?"

"மெமோ குடுத்திருக்காங்க. தப்பு தன்னோடதுதான்னு அவங்களே எழுதிக் குடுத்துட்டாங்க. இன்னிக்கு நாலு மணிக்குள்ள என் அறிக்கையும் போகணும்." சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். "அவங்க ஒப்பந்த நர்ஸ். இது போச்சுன்னா வேலை போயிடும்."

"எழுதி முடிச்சுட்டீங்களா?"

"முடிச்சுட்டேன். கையெழுத்துதான் பாக்கி." கொஞ்சம் தயங்கினார். "அஞ்சு வருஷமா நல்லா வேலை பார்த்தவங்க. அதான் ஒரு மாதிரியா இருக்கு. ஆனா சரின்னு சொல்லிட்டு சும்மா நின்னா, அதை எப்படி டீச்சர் விட முடியும்?"

டீச்சர் அந்தக் காகிதத்தைப் பிரிக்கவில்லை. பண்ணையாரின் விரல் கிளிப்பைச் சரிபார்த்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"பதினோரு மணிக்கு வகுப்பு. இன்னிக்கு ஒரு ஆள் குறையுது. நீங்க வாங்க."

"பார்க்கவா?"

"இல்ல, செய்ய."

கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இந்த அம்மா என்ன இப்படிப் பேச்சை மாற்றுகிறார் என்று டாக்டருக்குக் கடுப்பாகத்தான் இருந்தது. ஆனாலும் போனார். சீடர் ஆயிற்றே.

பொம்மை ரூமுக்குள் நுழையும் முன் ஒரு வழக்கம் உண்டு. எல்லோரும் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைக் கழற்றி ஓர் எவர்சில்வர் கிண்ணத்தில் போட வேண்டும். டீச்சர் கலக்கிவிட்டு நீட்டுவார். யார் அட்டை கையில் வருகிறதோ, அன்றைக்கு அவர்தான் நீங்கள்.

அன்று மாணவர்கள் மூன்று பேர். பயிற்சி டாக்டர் மீனலோசனி. நர்சிங் மூன்றாம் வருஷம் அந்தோணி ரூபன். பிசியோதெரபி படிக்கும் சுடலைமுத்து. நாலாவது அட்டை குற்றாலநாதனுடையது. அதைக் கிண்ணத்தில் போடும்போது அவருக்குக் கை கொஞ்சம் கூசியது.

சுடலைமுத்து கண்ணை மூடிக்கொண்டு எடுத்தான். திறந்து பார்த்தவன் துள்ளிக் குதித்தான்.

"ஏய், நான் உதவிப் பேராசிரியர்டா! டாக்டர் குற்றாலநாதன், எம்.டி.!"

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். குற்றாலநாதனும் சிரித்து வைத்தார். அவர் கைக்கு வந்தது அந்தோணி ரூபனின் அட்டை. முப்பத்தெட்டு வயது டாக்டர் கழுத்தில் இருபது வயது நர்சிங் மாணவனின் போட்டோ தொங்கியது. ரூபன் பயிற்சி டாக்டர் ஆனான். மீனலோசனி பிசியோ ஆனாள்.

கதவு மூடியது. டீச்சர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனார். பேச்சில்லை, முன்னுரை இல்லை. பண்ணையார் முனக ஆரம்பித்தார்.

"வயிறு ஆபரேஷன் பண்ணி ரெண்டாம் நாள்," என்றது ஒலிபெருக்கி. "சர்க்கரை வியாதி உண்டு. காலையிலேருந்து ஒரு மாதிரியா பேசறார்."

உடனே ஒரு பெண் குரல் ஒப்பாரி வைக்கத் தொடங்கியது. பண்ணையாரின் மனைவி. அதுவும் டீச்சர்தான். "ஐயோ, என்னை யாருன்னே தெரியலைங்கறாரே! யாராச்சும் வந்து பாருங்களேன்! ஏன் எல்லாரும் மரம் மாதிரி நிக்கிறீங்க!"

சுடலைமுத்து விறைப்பாக நின்றான். டாக்டர் என்றால் அப்படித்தான் நிற்க வேண்டும் என்று நினைத்திருப்பான் போல. "சிஸ்டர், டிரிப் போடுங்க."

பொம்மை ரூமில் யார் அந்த அட்டையைப் போட்டாலும் சிஸ்டர்தான். டிரிப் ஊசியைக் கையில் எடுத்த பிறகுதான் குற்றாலநாதனுக்கு ஞாபகம் வந்தது, இதைத் தன் கையால் குத்திப் பத்து வருஷம் இருக்கும். ரப்பர் நரம்பு நழுவியது. ஒரு பக்கம் மானிட்டர் கத்தியது. இன்னொரு பக்கம் பண்ணையாரம்மா, "அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்களை விடமாட்டேன்!" என்று கத்தினார். டேப் கையுறையில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. என்னடா இது கிரகம் என்று நொந்துகொண்டே ஊசியைப் பிடித்திருந்தார்.

"சுகர் பாருங்க," என்றான் சுடலைமுத்து.

பண்ணையாரின் முனகல் குறைந்தது. மானிட்டர் இன்னும் வேகமாகக் கத்தியது. மீனலோசனி தலைமாட்டில் கட்டிலை உயர்த்தப் போராடிக்கொண்டிருந்தாள். ரூபன் பழைய கேஸ் ஷீட்டைப் புரட்டினான். நிமிஷம் ஓடியது. திடீரென்று பண்ணையாரின் கைகால் வெட்டி இழுக்க ஆரம்பித்தது.

"சுகர் எவ்வளவு?" சுடலைமுத்துவின் விறைப்பெல்லாம் போய்விட்டது. "ஏங்க, சுகர் எவ்வளவு?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சர்க்கரை பார்க்கும் கருவி தட்டில் அப்படியே கிடந்தது. ஒருவரும் தொடவில்லை.

விளக்கு எரிந்தது. டீச்சர் உள்ளே வந்தார். கோபம் இல்லை, குறை சொல்லவில்லை. நாற்காலிகளை வட்டமாகப் போடச் சொன்னார். நிஜத்தில் பாடம் தொடங்குவது அங்கேதான்.

"சுகர் பாருங்கன்னு சொன்னது யார் யாருக்குக் கேட்டுச்சு?"

"எனக்குக் கேட்டுச்சு டீச்சர்," என்றான் ரூபன்.

"எனக்கும்," என்றாள் மீனலோசனி.

டீச்சர் குற்றாலநாதனைப் பார்த்தார்.

"கேட்ட மாதிரிதான் இருந்துச்சு," என்றார் அவர். "ஆனா அது எனக்குச் சொன்னதில்ல. எனக்குச் சொல்லியிருந்தா பார்த்திருப்பேனே. எனக்கு டிரிப்தானே குடுத்தாங்க."

டீச்சர் சுவரில் இருந்த திரையைப் போட்டார். கேமரா எல்லாவற்றையும் பதிவு செய்திருந்தது. சுடலைமுத்து, 'சுகர் பாருங்க' என்கிறான். தலையைக்கூட நிமிர்த்தாமல், ஊசியைப் பிடித்தபடி, அட்டையில் ரூபன் என்று போட்டிருக்கும் ஆள் சொல்கிறார்:

'சரி டாக்டர்.'

மாணவர்கள் சிரித்துவிட்டார்கள். சுடலைமுத்துவைப் போய் டாக்டர் என்றாரே என்றுதான் சிரித்தார்கள். குற்றாலநாதனின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"இன்னொரு தடவை போடுங்க," என்றார் அவர்.

டீச்சர் போட்டார்.

'சரி டாக்டர்.'

"இது நான் சொன்னதா?"

"உங்க குரல்தானே?"

"என் குரல்தான்." "சத்தியமா எனக்கு ஞாபகமே இல்ல டீச்சர். சொல்லவே இல்லன்னு கோயில்ல வேணா அடிச்சுச் சொல்லியிருப்பேன்."

"கொஞ்சம் உன்னிப்பாக் கேளுங்க. அதுக்குள்ள இன்னும் ரெண்டு சரி இருக்கு."

இருந்தது. மீனலோசனியுடையது ஒன்று, ரூபனுடையது ஒன்று. மூன்று பேரும் சரி என்று சொல்லியிருந்தார்கள். பண்ணையாருக்கு வலிப்பு வந்ததுதான் மிச்சம்.

டீச்சர் சுடலைமுத்துவிடம் திரும்பினார். "உங்களுக்குச் சரின்னு கேட்டதும் என்ன நெனச்சீங்க?"

"முடிஞ்சுதுன்னு நெனச்சேன் டீச்சர். ஒண்ணுக்கு மூணு சரி வந்துச்சே."

"மீனா, உங்க சரிக்கு என்ன அர்த்தம்?"

"காதுல விழுந்துச்சுன்னு அர்த்தம். யாராவது பார்ப்பாங்கன்னு நெனச்சேன். பிசியோ போய் சுகர் பார்க்கலாமான்னுகூட எனக்குத் தெரியல."

"ரூபன்?"

ரூபன் தலையைச் சொறிந்தான். குற்றாலநாதன் பக்கம் ஒரு பார்வை பார்த்தான். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பது தெரிந்தது.

"இங்க டாக்டர் அட்டைல சொன்னேன். ஆனா வார்டுல நர்ஸா இருக்கும்போதும் இப்படித்தான் டீச்சர். பெரிய டாக்டர் ஆரம்பிக்கும்போதே சரின்னு சொல்லிடுவோம். இல்லன்னா, 'காது கேக்கலியா? உன்கிட்டதான் சொல்றேன்'னு எல்லார் முன்னாடியும் மானத்தை வாங்கிடுவாங்க. அதுக்கு அர்த்தம்னு கேட்டா..." அவன் மென்று விழுங்கினான். "திட்டாதீங்கன்னு அர்த்தம்."

டீச்சர் குற்றாலநாதன் பக்கம் திரும்பினார்.

"உங்க சரி, டாக்டர்?"

குற்றாலநாதன் தன் கைகளைப் பார்த்தார். கையுறையில் இன்னும் டேப் ஒட்டியிருந்தது.

"கைக்கு வேலை இருந்துச்சு. வாய் சும்மா இருந்துச்சு. அது பாட்டுக்குச் சொல்லிடுச்சு."

"சரி, மறுபடியும் செய்வோமா?" என்றார் டீச்சர். அப்படிச் செய்யுங்கள், இப்படிச் செய்யுங்கள் என்று ஒன்றுமே சொல்லவில்லை. எழுந்து கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்.

பண்ணையார் மறுபடி முனகினார். அம்மா மறுபடி ஒப்பாரி வைத்தார். இந்தத் தடவை சுடலைமுத்து குற்றாலநாதனின் முகத்தைப் பார்த்துச் சொன்னான்: "ரூபன், நீங்க சுகர் பாருங்க."

குற்றாலநாதனின் கையில் ஊசி இருந்தது. விட்டால் ரத்தம் வரும். சரி என்று சொல்லக் கூடாது என்பது தெரிந்துவிட்டது. 'முடியாது' என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல் தொண்டையைத் தாண்டி வரமாட்டேன் என்றது! இத்தனைக்கும் எதிரே நிற்பது பிசியோ மாணவன். படுத்திருப்பது ரப்பர் பொம்மை. அப்படியும் கழுத்தில் கிடந்த அந்த அட்டை வாயைக் கட்டிப் போட்டது. காது சூடேறியது.

"என்னால... என்னால இப்ப முடியாது டாக்டர். கை வேலையா இருக்கு. வேற யாரையாவது பார்க்கச் சொல்லுங்க."

"சரி, மீனா... இல்ல, பிசியோ மேடம், நீங்க பாருங்க."

"நான் பார்க்கறேன்," என்ற மீனலோசனி கருவியை எடுத்தாள். "சுகர் பார்த்துட்டேன். முப்பத்தெட்டு. ரொம்ப இறங்கிடுச்சு."

குளுக்கோஸ் ஏற்றினார்கள். பண்ணையாருக்கு இந்தத் தடவை வலிப்பு வரவில்லை.

மாணவர்கள் அவரவர் அட்டையை வாங்கிக்கொண்டு, ஒரே மேசையில் போய்ச் சாப்பிடலாமா என்று பேசிக்கொண்டே கிளம்பினார்கள். குற்றாலநாதன் மட்டும் நின்றார். மடித்த காகிதம் இன்னும் மேசையில் கிடந்தது.

"டீச்சர், நீங்க எதுக்காக என்னை உள்ள இழுத்தீங்கன்னு புரியுது. ஆனா நான் தப்புப் பண்ணினது பொம்மைக்கு. அவங்க பண்ணினது மனுஷனுக்கு. ரெண்டும் ஒண்ணாகிடுமா?"

"ஆகாது."

டீச்சர் பண்ணையாரின் தலையணையைச் சரிசெய்தார். "எனக்கு ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கணும் டாக்டர். அந்தக் கொத்தனாருக்குத் தொண்டை அடைச்சிருந்துச்சு. நீங்க குனிஞ்சு நரம்பு தேடிட்டிருந்தீங்க. இன்னொரு சிஸ்டர் சிலிண்டர் எடுக்கப் போயிட்டாங்க. ஆறு நிமிஷம் அவர் தாடையைத் தூக்கி, மூச்சு போற வழியை யாரு பிடிச்சிருந்தா?"

குற்றாலநாதன் நாலு நாளாக அந்த ஆறு நிமிஷத்தை ஆயிரம் தடவை மனசில் ஓட்டிப் பார்த்திருக்கிறார். அதில் அவர் கை இருந்தது, நரம்பு இருந்தது, 'சரி டாக்டர்' என்ற குரல் இருந்தது. கொத்தனாரின் கழுத்துக்கு மேலே என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியவில்லை.

காகிதத்தை எடுத்துக்கொண்டு நாலாம் வார்டுக்குப் போனார். நடந்தார் என்று சொல்ல முடியாது.

எப்சிபா மருந்து டிராலியைத் தள்ளிக்கொண்டிருந்தார். டாக்டரைப் பார்த்ததும் டிராலியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அழுது முடித்த முகம்.

"சிஸ்டர், அன்னிக்கு உங்க கை எங்க இருந்துச்சு?"

"டாக்டர்?"

"கொத்தனாருக்கு மூச்சு அடைச்சப்ப. உங்க ரெண்டு கையும் எங்க இருந்துச்சு?"

எப்சிபா ஏதோ பொறியோ என்று பயந்தவர் போல அவரைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அவர் தாடைல, டாக்டர். ஓடி வந்ததுமே நீங்கதான் சொன்னீங்க, 'தாடையைத் தூக்கிப் பிடிங்க, எக்காரணம் கொண்டும் விடாதீங்க'ன்னு. சரின்னேன். விடல."

"நான் அட்ரினலின் போடச் சொன்னேன்..."

"அந்த மூச்சுலயே அதையும் சொன்னீங்க. எனக்குக் கேட்டுச்சு. நான் சரின்னது முதல்ல சொன்னதுக்கு. அடுத்ததை வேற யாருக்கோ சொன்னீங்கன்னு நெனச்சேன். விட்டா அவருக்கு மூச்சு நின்னுடும், எனக்கு இருக்கறது ரெண்டு கைதானே டாக்டர்."

வார்டு முழுக்கச் சத்தமாக இருந்தது. குற்றாலநாதனுக்கு எதுவும் கேட்கவில்லை. ஆறு நிமிஷம் இந்த அம்மாள் கை கடுக்கக் கடுக்கப் பிடித்திருந்ததால்தான் அந்த ஆள் இன்றைக்கு உட்கார்ந்து இட்லி சாப்பிடுகிறார். அந்தக் கையைத்தான் சும்மா நின்ற கை என்று இந்தக் காகிதத்தில் எழுதி வைத்திருக்கிறேனே, பாவி, என்று நினைத்தார்.

"பின்ன ஏன் தப்பு உங்களோடதுன்னு எழுதிக் குடுத்தீங்க?"

"பெரிய சிஸ்டர், 'டாக்டரை எதிர்த்து எழுதினா இன்னும் பெருசாயிடும், ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்துடு'ன்னாங்க." எப்சிபா டிராலியின் கைப்பிடியைத் தேய்த்தார். "சரின்னுட்டேன்."

மணி இரண்டரை. குற்றாலநாதன் வார்டு மேசையிலேயே உட்கார்ந்து புதுக் காகிதம் வாங்கி எழுதினார். ஒரே மூச்சில் இரண்டு உத்தரவு கொடுத்தது தான் என்றும், முதல் உத்தரவை எப்சிபா ஆறு நிமிஷமும் கைவிடாமல் நிறைவேற்றினார் என்றும், இரண்டாவதை யாரிடம் சொன்னோம் என்று தானே பார்க்கவில்லை என்றும், நோயாளி பிழைத்தது எப்சிபாவின் கையால்தான் என்றும் எழுதினார். எழுத எழுத, இது நம் தலையில்தான் விடியும் என்று தெரிந்தது. அப்படியும் கையெழுத்துப் போட்டு, மூணே காலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

அடுத்த திங்கட்கிழமை எப்சிபாவின் மெமோவை ரத்து செய்தார்கள். செவ்வாய்க்கிழமை குற்றாலநாதனுக்கு ஒரு மெமோ வந்தது. அவர் அதை வாங்கிப் படித்து, மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பல நாளாக அவர் அவ்வளவு நிம்மதியாக இருந்ததில்லை.

வியாழக்கிழமை பத்து மணிக்குப் பொம்மை ரூமுக்கு வந்தார். டீச்சர் பண்ணையாருக்குச் சட்டை மாற்றிக்கொண்டிருந்தார்.

"டீச்சர், எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. அவங்க வேலைக்கு ஒண்ணும் இல்ல."

"கேள்விப்பட்டேன்."

"நேத்து நானே போய், எப்சிபா சிஸ்டர்கிட்ட மன்னிப்புக் கேட்டேன். வார்டுல எல்லார் முன்னாடியும்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"'சரி டாக்டர்'னாங்க." சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவர் காதிலேயே விழுந்தது. சட்டென்று நிறுத்தினார். "மன்னிச்சுட்டாங்கன்னுதானே டீச்சர் அர்த்தம்?"

டீச்சர் பண்ணையாரின் சட்டைப் பொத்தானைப் போட்டபடியே கேட்டார்.

"அதைச் சொன்னப்ப அவங்க முகம் எப்படி இருந்துச்சு?"

குற்றாலநாதன் யோசித்தார். நேற்றைய வார்டு முழுக்க ஞாபகம் இருந்தது. எப்சிபாவின் முகம் மட்டும் இல்லை.

"எனக்கு வெட்கமா இருந்துச்சு டீச்சர். கீழ பார்த்துட்டே சொல்லி முடிச்சுட்டு வந்துட்டேன்."

"அப்ப நீங்க இன்னும் கேக்கவே இல்ல, டாக்டர்," என்றார் ஜன்னத் டீச்சர்.